பேரமே பேசாமல் வாங்க வருகிறாரா? கொஞ்சம் பொறுங்கள்

[திரையில்: கைப்பேசியில் ஒரு பழைய வாஷிங் மெஷினின் படம். கீழே ‘4,500 ரூபாய்’. செய்தி வந்த ஒலி விடாமல் கேட்கிறது.]

வணக்கம். திருச்சியில் முதல் மாடி வாடகை வீட்டைக் காலி செய்தபோது, ஏழு வருடம் உழைத்த செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினை இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன். இரண்டு நாளில் 31 பேர் தொடர்புகொண்டார்கள். நேரில் வந்தவர்கள் மூன்று பேர். வாங்கியவர் ஒருவர்.

அந்த 31 பேரில் என்னை மிகவும் எரிச்சல்படுத்தியவர்தான் கடைசியில் வாங்கிக்கொண்டு போனார். மிகவும் மரியாதையாகப் பேசியவரோ என் வங்கிக் கணக்கைத் துடைத்துவிட்டுப் போக வந்தவர். இந்த வீடியோ அந்த இரண்டு பேரைப் பற்றியது. மற்ற 29 பேரை முதலில் அனுப்பி வைத்துவிடுவோம்.

[திரையில்: ‘இருக்கிறதா?’ என்ற ஒற்றைச் சொல், வரிசையாகப் பத்துச் செய்திகளில்.]

‘இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் பெரும்பான்மை. அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். பல விற்பனைத் தளங்களில் அந்தக் கேள்வி தயாராகவே இருக்கிறது, ஒரு பொத்தானைத் தொட்டால் போய்விடும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் விரல் பட்டிருக்கலாம். நான் எல்லோருக்கும் ஒரே பதிலை எழுதி வைத்து ஒட்டிவிட்டேன்: ‘இருக்கிறது. முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. இறக்கும் கூலி வாங்குபவர் பொறுப்பு. மாலை 5 மணிக்கு மேல் வந்து ஓட்டிப் பார்க்கலாம்.’ இதற்கு ‘எப்போது வரலாம்?’ என்று திருப்பிக் கேட்டவர்கள் ஆறு பேர். அவர்களிடம் மட்டும் பேசினால் போதும்.

லிஃப்ட் இல்லை என்பதை விளம்பரத்திலேயே எழுதாமல் விட்டது என் தவறு. வாசலில் நடக்கும் சண்டைகளில் பாதி பொருளைப் பற்றியவையே அல்ல. யார் தூக்குவது, யார் கூலி கொடுப்பது, பில் இருக்கிறதா, குழாய் சேர்த்துத் தருவீர்களா என்பவைதான். கீறலையும் படம் எடுத்துப் போட்டுவிடுங்கள். நாமே காட்டிய கீறலுக்கு யாரும் பெரிதாக விலை குறைத்துக் கேட்க முடியாது.

[திரையில்: ‘குட்டி யானை’ எனப்படும் சின்ன சரக்கு வண்டி ஒன்று சந்துக்குள் பின்னோக்கி வருகிறது.]

இப்போது எரிச்சல்படுத்தியவர். துறையூரிலிருந்து பேசினார். முதல் கேள்வியே, “கடைசியாக எவ்வளவுக்குத் தருவீர்கள் அக்கா?” பொருளைப் பார்க்கவில்லை, என்ன மாடல் என்றுகூடக் கேட்கவில்லை. நானும் சீக்கிரம் முடியட்டும் என்று, “4,000 கொடுங்கள்” என்று சொல்லிவிட்டேன்.

செய்யக் கூடாதது இதுதான். போனில் சொல்லும் கடைசி விலை, வாசலுக்கு வரும்போது முதல் விலையாகிவிடும். மறுநாள் வந்தவர் 4,500 என்ற எண்ணையே கேள்விப்படாதவர்போல, 4,000த்திலிருந்து ஆரம்பித்தார். மூடியில் கீறல், 200 குறையுங்கள். வடிகுழாய் இறுகிப்போயிருக்கிறது, 150 குறையுங்கள். பழைய மாடல், பாகம் கிடைக்காது, அதற்கு ஒரு 300. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, 3,000 என்றார்.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவர் பேசிக்கொண்டே என்ன செய்தார் என்பதைப் பிறகுதான் யோசித்தேன். மூடியைத் திறந்து மூடினார். உலர்த்தும் தொட்டியைக் கையால் சுற்றிப் பார்த்தார். மெஷினைச் சாய்த்து அடியில் துரு பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீர் ஊற்றி ஓட விட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு பொருளில் குறை தேடுகிறவர் அதை வீட்டில் வைத்து ஓட்டப்போகிறவர். சந்தையில் கத்தரிக்காயைக் காம்பு கிள்ளிப் பார்ப்பவர் குழம்பு வைக்கப் போகிறவர்தானே.

இப்படிப்பட்டவரிடம் எப்படிப் பேசுவது? போனில் விலை கேட்டால், “வந்து பாருங்கள், பிடித்திருந்தால் பேசிக்கொள்வோம்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே தருவதில்லை என்று ஒரு விலையை மனதுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள், வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். குறைப்பதாக இருந்தால் சும்மா குறைக்காதீர்கள், எதையாவது பதிலுக்குக் கேளுங்கள். “இன்றே எடுத்துக்கொண்டால் 200 குறைக்கிறேன்” என்பது ஒரு வழி.

இன்னொன்று, இதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். அவர் குட்டி யானையை வாடகைக்குப் பிடித்து வந்திருக்கிறார், கூட ஒரு தம்பியும் கயிறும். துறையூர் போய்வர வாடகை கொடுத்தாக வேண்டும். வெறும் வண்டியோடு திரும்ப அவருக்கும் மனம் வராது. அதாவது வாசலில் அவசரம் அவருக்குத்தான், எனக்கில்லை. வண்டி கொண்டு வந்தவரிடம் பதறி விலையைக் குறைக்கத் தேவையில்லை. நான் பேசாமல் நின்றேன். அவரே 3,500 என்றார், பிறகு 3,700. அதில் முடிந்தது.

[திரையில்: சீருடை அணிந்த ஒருவரின் முகப்புப் படம், முகம் மங்கலாக்கப்பட்டிருக்கிறது.]

மரியாதையானவருக்கு வருவோம். இவர் துறையூர்க்காரருக்கு முந்தைய நாள் காலையிலேயே செய்தி அனுப்பிவிட்டார். “மேடம், பொருள் பிடித்திருக்கிறது. விலை சரி. இப்போதே பணம் அனுப்பிவிடுகிறேன்.” 4,500 ரூபாய்க்கும் முழுச் சம்மதம். எந்த நிறுவனம், எத்தனை கிலோ, ஓடுகிறதா, ஒன்றும் கேட்கவில்லை. தான் ராணுவத்தில் இருப்பதாகவும், திருச்சிக்கு மாற்றலாகி வருவதாகவும், ஆட்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். நான் கேட்காமலே ஓர் அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பினார்.

கேட்காமல் வரும் அடையாள அட்டையை நான் இப்போது ஆபத்தின் அடையாளமாகவே பார்க்கிறேன். நேர்மையாக வாங்க வருகிறவருக்குத் தன்னை நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணமே வராது. அவருக்கு உங்கள் மேல்தான் சந்தேகம் இருக்கும்.

ராணுவ வீரர் வேடம் இந்த மோசடியில் பல வருடங்களாக ஓடுகிறது. அந்தச் சீருடையின் மேல் நமக்கு இருக்கும் மதிப்பு ஒரு காரணம். நேரில் வர முடியாததற்கு அதிலேயே ஒரு சாக்கும் கிடைத்துவிடுகிறது.

அடுத்து தொலைபேசியில் வந்தார். “ராணுவக் கணக்கிலிருந்து பணம் வர ஒரு முறை இருக்கிறது மேடம். நான் அனுப்பும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள். முதலில் 5 ரூபாய் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். போனை வைக்காதீர்கள்.” அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அவர் குரல் காதில் ஓடிக்கொண்டே இருந்தால், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மால் நிதானமாகப் படிக்க முடியாது.

[திரையில்: யுபிஐ செயலியில் ‘பின் எண்ணை உள்ளிடவும்’ என்ற பக்கம். மேலே ‘செலுத்த வேண்டிய தொகை’ என்ற இடம் சிவப்பு வட்டத்தில்.]

என் செயலி பின் எண் கேட்டது. அங்கே நின்றேன். யுபிஐ 2016இல் வந்தது, இத்தனை வருடமாக நாம் மளிகைக் கடையில் செய்வதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். குறியீட்டை ஸ்கேன் செய்வது யார்? பணம் கொடுக்கும் நாம். பின் எண் அழுத்துவது யார்? அதுவும் நாம். பணம் வாங்கும் கடைக்காரர் எதையும் ஸ்கேன் செய்வதில்லை, எந்த எண்ணையும் அழுத்துவதில்லை, கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். பொருளை விற்கும்போது நாம்தான் கடைக்காரர். பின் எண் பணம் வெளியே போவதற்கும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும் மட்டுமே. உள்ளே வரும் பணத்துக்கு அது தேவையில்லை.

இது தெரிந்தவர்கள்கூட விழுந்திருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் தில்லியில் ஒருவர் பழைய சோபாவை இணையத்தில் விற்கப் போய் 34,000 ரூபாயை இழந்தது நாடு முழுக்கச் செய்தியானது. முதலில் ஒரு சிறு தொகையை அவர் கணக்கில் போட்டு நம்பிக்கை ஏற்படுத்தினார்கள். பிறகு குறியீடு அனுப்பினார்கள், 20,000 போனது. ‘தவறான குறியீட்டை அனுப்பிவிட்டேன், திருப்பித் தருகிறேன், இதை ஸ்கேன் செய்யுங்கள்’ என்றார்கள். மேலும் 14,000 போனது. போனதை மீட்கும் பதற்றம்தான் இரண்டாவது அடிக்கு வழிவிடுகிறது.

தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட்’ கோரிக்கையை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. ஒரு கதவு மூடியது. ஆனால் கியூஆர் குறியீடு இருக்கிறது, போலி ரசீதும் இருக்கிறது. ‘4,500க்குப் பதில் 45,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று கெஞ்சுவார்கள், வங்கியிலிருந்து வந்ததுபோலவே ஒரு குறுஞ்செய்தியும் வரும். எதிரே நிற்பவரின் கைப்பேசியில் தெரியும் பச்சை நிற டிக்கை நம்பாதீர்கள். அதேபோலக் காட்டும் போலிச் செயலிகள் உண்டு. உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, இருப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை பொருள் படி இறங்கக் கூடாது.

ஒருவேளை பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும், அதனால் நிமிடங்கள் முக்கியம்.

[திரையில்: ஒரு பழைய ஸ்கூட்டர், பக்கத்தில் படிவங்கள்.]

பைக், ஸ்கூட்டர் விற்பவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம். ஓட்டிப் பார்க்கிறேன் என்று தனியாக எடுத்துப் போனவர் திரும்பாமல் போன கதைகள் நிறைய உண்டு. நீங்களோ வீட்டில் ஒருவரோ பின்னால் உட்கார்ந்து போங்கள். அடுத்தது, ‘பெயர் மாற்றத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்பவரை நம்பி விட்டுவிடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டையும் முடித்து, ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் விற்பனையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றுக் காசு வாங்கிய பிறகும் அந்த வண்டி உங்கள் தலையில் உட்கார்ந்திருக்கும்.

[திரையில்: மீண்டும் வாஷிங் மெஷின், இம்முறை வேறொரு வீட்டின் பின்கட்டில்.]

நான்காம் நாள் துறையூர்க்காரர் அழைத்தார். “மெஷின் துணி பிழியவில்லை அக்கா. பணத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள்.”

விற்ற பிறகு வரும் இந்த அழைப்புக்குத்தான் பலரும் தயாராக இருப்பதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி (புகார் எண்ணும் இதுவும் ஒன்றாக அமைந்தது தற்செயல்), வியாபாரியாக இல்லாத ஒருவர் தன் பழைய பொருளை விற்கும்போது, அதன் தரத்துக்குச் சொல்லாமலே உத்தரவாதம் கொடுத்ததாகப் பொதுவாகக் கொள்வதில்லை. ஆனால் தெரிந்த குறையை வேண்டுமென்றே மூடி மறைத்து விற்றால் அது மோசடி. அதனால்தான் அவர் முன்னாலேயே மெஷினை ஓடவிட்டு வீடியோ எடுத்து வைத்திருந்தேன், அவருக்கும் அனுப்பியிருந்தேன். அதில் துணி பிழிவது தெளிவாகத் தெரிகிறது.

ஆனாலும் வீடியோவைக் காட்டிச் சண்டை போடவில்லை. வீடியோ அழைப்பில் வரச் சொன்னேன். மெஷின் சாய்ந்த தரையில் நின்றது, உலர்த்தும் தொட்டியின் மூடி முழுதாகப் படியவில்லை. மூடி படியாவிட்டால் அது சுற்றாது. அழுத்தி மூடச் சொன்னேன், சுற்றியது.

“இப்போது நன்றாகப் பிழிகிறது அக்கா,” என்றார். சிறிது நேரம் போனை வைக்காமலே இருந்தார். “இருந்தாலும் அந்த வடிகுழாய்க்கு ஒரு 200 ரூபாய் குறைத்திருக்கலாம்.”