'வீ' என்றால் நாமா, நாங்களா? தகலாகு சொல்லும் பதில்

[திரையில்: வீ ஆர் கோயிங் டு ஈட்]

வணக்கம். மணிலாவில் உங்களோடு வேலை பார்ப்பவர் ஒருவர் இப்படி ஆங்கிலத்தில் சொல்கிறார். சாப்பிடப் போகிறார்கள், சரி. உங்களையும் கூப்பிடுகிறாரா? ஆங்கிலத்தில் அது பிடிபடாது. பிலிப்பைன்ஸ் மொழியான தகலாகில் சொல்லியிருந்தால் சந்தேகமே வராது. "ககாயின் தாயோ" என்றால் நாம் சாப்பிடப் போகிறோம், கிளம்புங்கள். "ககாயின் கமி" என்றால் நாங்கள் சாப்பிடப் போகிறோம். உங்களுக்கு இலை போடவில்லை.

தாயோ நாம், கமி நாங்கள். ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர் இதில் திணறுவார். நமக்குப் பாதி வேலை மிச்சம்.

[திரையில்: காயின் போ தாயோ]

பிலிப்பைன்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெரிந்தவர் யாராவது வந்தால் இப்படிச் சொல்வது வழக்கம்: நாம் சாப்பிடலாம், வாங்க. நடுவில் உள்ள 'போ' விரட்டுவதற்கு இல்லை, மரியாதைக்கு. நம்ம 'வாங்க'வில் வரும் 'ங்க' மாதிரி. பெரும்பாலும் உபசாரப் பேச்சுதான், வந்தவர் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனாலும் அங்கே தாயோதான் வர வேண்டும். கமி போட்டால் அது அழைப்பே இல்லை.

[திரையில்: அமா நாமின்]

கடவுளிடம் பேசும்போது கதை மாறும். 1593இல் மணிலாவில் அச்சான 'தொக்த்ரினா கிறிஸ்தியானா' என்ற கிறிஸ்தவ போதனை நூலிலேயே கிறிஸ்தவ ஜெபம் "அமா நாமின்", அதாவது எங்கள் தந்தையே, என்றுதான் தொடங்குகிறது. கேட்பவர் கடவுள். அவர் ஜெபிக்கிற கூட்டத்தில் சேர்த்தி இல்லையே! தமிழ் பைபிளிலும் "எங்கள் பிதாவே"தான்.

நமக்குக் கால் வழுக்குவது இங்கேதான். 'நாமின்' என்று காதில் விழுந்ததும் மனம் 'நாம்' பக்கம் ஓடும். நேர்மாறு. நாமின், ஆமின் இரண்டும் 'எங்கள்'. 'நம்' என்பதற்கு நாத்தின், ஆத்தின். தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் தன்னுடையது என்று சொல்லும் பகுதியான மேற்குப் பிலிப்பைன்ஸ் கடலில் சீனாவின் உரிமைகோரலை எதிர்த்து 2023 டிசம்பரில் படகில் கிளம்பிய குடிமக்கள் கூட்டமைப்பின் பெயர் 'ஆத்தின் இத்தோ', இது நம்முடையது. 'ஆமின்' என்று வைத்திருந்தால், அதைக் கேட்கும் பிலிப்பினோவே வெளியாள் ஆகியிருப்பார்.

அப்புறம், மலேசியா, சிங்கப்பூரில் மலாய் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. கமி அங்கேயும் நாங்கள்தான். ஆனால் மலாயில் 'நாம்' என்று நீங்கள் சொல்லும் 'கித்தா', தகலாகில் 'நான் உன்னை' ஆகிவிடும். யாராவது "மஹால் கித்தா" என்றால், உன்னை நேசிக்கிறேன் என்கிறார்.