பூம்புகார் புத்த விகாரத்துல என்ன பார்க்கணும்?

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: “பூம்புகார்ல பல்லவனேச்சுரம் பக்கத்துல இருக்கிற புத்த விகாரத்துக்குப் பிள்ளைங்களோட போனோம். வெறும் செங்கல் அடித்தளந்தான் கிடந்துச்சு. பத்து நிமிஷத்துல திரும்பிட்டோம். கோயில் எங்க சார் இருக்கு?”

அம்மா, விகாரம்னா புத்த பிக்குகள், அதாவது துறவிகள், தங்கின மடம். நீங்க நின்ன இடந்தாம்மா அது. திரும்பிட்டோம்னு நீங்க சொன்னது எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. இன்னொரு தடவை போங்க.

1960-களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டி எடுத்த இடம் அது. கட்டினது ஏறக்குறைய கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுல. வரிசையாச் சின்னச் சின்னச் சதுரமா அறைகள் தெரியும் பாருங்க, அதெல்லாம் பிக்குகள் தங்கின அறை. அதுக்கு முன்னாடி நீளமா ஓடுறது எல்லாருக்கும் பொதுவான தாழ்வாரம். பிள்ளைங்கள அந்தச் செங்கல் மேல ஏற விடாம, ஓரமா நடத்திக் கூட்டிட்டுப் போய் அறை அறையா எண்ணச் சொல்லுங்க. கட்டடம் தானா கண்ணுக்குள்ள எழும்பும்.

அப்புறம் குனிஞ்சு ஒரு செங்கல்லப் பாருங்க. நம்ம வீட்டுச் செங்கல்ல விட எவ்வளவு பெருசு! காவிரி டெல்டா முழுக்க வண்டல் மண்ணு, கல்லே கிடையாது. கையில இருந்த மண்ணைச் சுட்டுத்தான் கட்டியிருக்காங்க. மேல்கட்டு நிக்காம போனதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். கருங்கல்லா இருந்தா ஒருவேளை இன்னும் நின்னிருக்கலாம்.

ஆனா இதே இடத்துல சுண்ணாம்புக்கல்லுல செதுக்கின புத்தர் பாதம் ஒண்ணு கிடைச்சிருக்கு. கல்லே இல்லாத ஊருக்கு அந்தக் கல்லு எங்கிருந்தோ வந்திருக்கு! எனக்கு இந்த ஒரு விஷயத்தை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. சின்னதா உட்கார்ந்த நிலையில ஒரு வெண்கல புத்தரும் கிடைச்சுது.

இன்னொண்ணு. கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுக் கிளம்புறப்போ இந்திர விகாரம் ஏழையும் கடந்து போனாங்கன்னு சிலப்பதிகாரத்துல வருது. புத்ததத்தர்னு ஒரு பெரிய பிக்கு, இதே காவிரிப்பூம்பட்டினத்து விகாரம் ஒண்ணுல தங்கித்தான் பாலி மொழியில நூல் எழுதினார்.

வெயில் தாழ, நாலு மணிக்கு மேல போங்க. சாய்வா வெளிச்சம் விழும்போது அறைக் கோடெல்லாம் நல்லாத் தெரியும்.