ஏடிஎம் இந்தக் கேள்வியைக் கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்!

வெளிநாட்டில் ஒரு ஏடிஎம் முன்னால் நிற்கிறீர்கள். பின் நம்பர் போட்டாயிற்று, தொகையும் அழுத்தியாயிற்று. திடீரென்று திரையில் ஒரு கேள்வி: "இதை உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா?" எவ்வளவு அக்கறையான கேள்வி என்று தோன்றும். பழகிய பணம், கணக்கில் எவ்வளவு குறையும் என்பதும் கண்ணெதிரே தெரிகிறது. 'சரி' என்று தட்டிவிடுவோம். நானும் தட்டியிருக்கிறேன். காசு கரைவது அங்கேதான்!

வணக்கம். வெளிநாட்டில் பணம் எடுப்பதும் செலவழிப்பதும்தான் இன்றைய வீடியோ. 1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கொண்டுவந்த டிராவலர்ஸ் செக், அதாவது போகிற ஊரில் பணமாக்கிக்கொள்ளும் காசோலை, பல காலம் பயணிகளின் துணையாக இருந்தது. இப்போது அந்த இடத்தைக் கார்டு பிடித்துக்கொண்டது. வரலாறு போதும், கேள்விக்கு வருவோம்.

[திரையில்: இரண்டு பொத்தான்கள்]

இதன் பெயர் டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி. நீங்கள் 'வேண்டாம்' என்றால் தொகை அந்த ஊர்ப் பணத்திலேயே போகும். விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனம் தன் மாற்று விகிதத்தில் மாற்றும். அது பெரும்பாலும் சந்தை விகிதத்தை ஒட்டியே இருக்கும். அதற்கு மேல் உங்கள் வங்கி தன் கட்டணத்தைச் சேர்க்கலாம். 'சரி' என்றால் விகிதத்தை முடிவு செய்வது ஏடிஎம் நடத்துபவரோ, கடையின் கார்டு மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனமோதான். தன் லாபத்தை அதிலேயே சேர்த்துவிடுவார்கள். இதில் பெரிய அநியாயம் என்ன தெரியுமா? தொகை உங்கள் நாட்டுப் பணத்தில் வந்தாலும், வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று உங்கள் வங்கியும் தனியாகக் கட்டணம் போடலாம். ஒரே பணத்துக்கு இரண்டு வெட்டு!

அந்தத் திரையை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் 'ஏற்கிறேன்' பச்சை நிறத்தில், பெரிதாக. 'மறுக்கிறேன்' ஓரத்தில், சாம்பல் நிறத்தில். மறுத்தால் பணமே வராதோ என்று விரலை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் வரிசை வேறு. துணிந்து அழுத்தினேன். ஒரு நொடி அமைதி. அப்புறம் உள்ளே நோட்டு எண்ணும் அந்தச் சரசரப்பு! மறுப்பது மாற்று விகிதத்தை மட்டும்தான், பணத்தை அல்ல. தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல் ஒரு நல்ல விதி இருக்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள். 10 சதவீதம் என்று இருந்தால், 300 யூரோ எடுக்கும்போது 30 யூரோ காற்றில் போகிறது.

கடையிலும் இதே கதைதான். சில நேரம் ஊழியரே உங்களுக்காகப் பொத்தானை அழுத்திவிடுவார். ரசீதில் உங்கள் நாட்டுப் பணம் இருந்தால் அங்கேயே நின்று, ரத்து செய்து உள்ளூர்ப் பணத்தில் போடச் சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை.

சரி, விமான நிலையத்தில் 'கமிஷன் இல்லை' என்று பலகை வைத்த கவுன்டர்? பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு எண் இருக்கும். ஒரு பேச்சுக்கு, யூரோவை 1.20 டாலருக்கு விற்கிறார்கள், 1 டாலருக்கு வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 டாலர் கொடுத்து 100 யூரோ வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்தால் கைக்கு வருவது 100 டாலர். கவுன்டரை விட்டு ஓர் அடி நகரவில்லை, 20 டாலர் காலி! கமிஷன் அந்த இடைவெளிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்காதீர்கள், பொதுவாக அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். டெபிட் கார்டு போதும். ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்றால், சிறுகச் சிறுக எடுக்காமல் ஒரேயடியாக எடுங்கள். இரண்டாவது கார்டை வேறு பையில் வையுங்கள்.

பழைய பயணத்தில் மிஞ்சிய நோட்டு வீட்டில் கிடக்கிறதா? எடுத்துப் பாருங்கள். பிரிட்டனின் 20, 50 பவுண்ட் காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது. பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த பயணத்தில் ஏடிஎம் திரையில் எத்தனை சதவீதம் பார்த்தீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். பெரிய எண்ணைப் பின் செய்து வைக்கிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.