நீதிபதியும் நோஞ்சானும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஒரு சொல்லின் எழுத்து அதன் பிறப்பைக் காட்ட வேண்டுமா, ஒலியைக் காட்ட வேண்டுமா என்னும் வழக்கில் ஒலியின் பக்கம் நிற்கிறேன். எதிரணித் தலைவர், தலைமை நீதிபதி அல்லாத நீதிபதிகளைக் குறிக்கும் 'பியூனி' என்னும் ஆங்கில அடைச்சொல்லை எடுத்துக்காட்டி, சட்டத்துறை அதை இன்றும் பி, யு, ஐ, எஸ், என், இ என்று எழுதுவதால்தான் அதன் பிரெஞ்சுப் பிறப்பு மறையாமல் இருக்கிறது என்றார். அவர் சொன்னது பாதிக் கதை.

பழைய பிரெஞ்சில் அச்சொல்லுக்குப் 'பின் பிறந்த', அதாவது இளைய என்று பொருள். இங்கிலாந்தில் அதன் எஸ் ஒலிக்கவில்லை. ஆகவே 16-ஆம் நூற்றாண்டில் பலர் காதில் விழுந்தபடியே பி, யு, என், ஒய் என்று எழுதினர். ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில், குதிரையை ஒரு பக்கம் மட்டும் குத்தி ஓட்டி ஈட்டியை முறித்துக்கொள்ளும் வீரன் ஒருவன் இந்த அடைமொழியைப் பெறுகிறான். 1623-ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல் பிரெஞ்சுக்காரரைப் போல ஐ, எஸ் இரண்டையும் சுமந்து, ஆங்கிலேயரைப் போல ஒய்யில் முடிகிறது. அவன் கற்றுக்குட்டியா, அற்பனா? இளையவர் என்ற பொருள் நோஞ்சான் என்று சரிந்துகொண்டிருந்த காலம் அது. எழுத்தும் பொருளும் ஒருசேரத் தடுமாறுகின்றன. பிறகு பி, யு, என், ஒய் என்னும் எளிய எழுத்து நோஞ்சான் என்ற பொருளுக்குப் போனது, பழைய எழுத்து நீதிபதிக்கு நின்றது.

எழுத்து வேறாக இருப்பதால்தான் நீதிபதியின் மதிப்பு காக்கப்படுகிறது என்பது எதிரணியின் அடுத்த வாதம். நீதிமன்றமோ வாயால் பேசி வழக்காடும் இடம். அங்கே இரண்டு சொற்களுக்கும் ஒரே ஒலிதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர் இந்தப் பதவிப் பெயரைத் தாங்கியவர்தாம். 1833-ஆம் ஆண்டுச் சாசனப்படி இலங்கை உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதியரசருடன் அமர்ந்த இருவருக்கும் இதே பெயர்தான். அவர்களை நோஞ்சான்கள் என்று எவரும் நினைத்ததில்லை. அவர்களைக் காத்தது பதவி, ஊமை எஸ் அன்று.

பிறப்பைப் போற்றுவதாயின், பிறந்த வீட்டிலேயே கேட்டுப் பார்ப்போம். 1740-இல் பிரெஞ்சு அகாதமியின் அகராதி ஏராளமான சொற்களிலிருந்து ஒலிக்காத எஸ்ஸை நீக்கியது. கனடாவின் உச்ச நீதிமன்றச் சட்டம் தலைமை நீதிபதியுடன் எட்டு 'பியூனி' நீதிபதிகள் இருப்பர் என்கிறது. அதன் பிரெஞ்சு வாசகத்தில் அச்சொல் எஸ் இல்லாமல், ஐயின் தலையில் ஒரு கூரைக் குறியுடன் நிற்கிறது. அக்குறி பழைய எஸ்ஸின் தடம் என்று எதிரணி சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் படிப்பவர் நாவை அது இடறவில்லை. பெற்ற மொழி கழித்துவிட்ட எழுத்தை, கடன் வாங்கிய மொழியின் சட்ட வாசகம் இன்னும் சுமப்பதற்குப் பிறப்பின் பெயரால் எதிரணி என்ன நியாயம் வைத்திருக்கிறது என்பதை அடுத்துப் பேச வருபவர் விளக்கட்டும். நன்றி.