மாற்றுக் கட்சி நண்பரோடு சதிக் கதைகளைப் பேசலாமா? பேச வேண்டும் என்ற அணியின் உரை

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம். மாற்றுக் கட்சி நண்பரிடம் சதிக் கதைகளைப் பேசினால் கதை மாறாது, நட்புதான் முறியும் என்று எதிரணியின் அம்மையார் சொல்லி அமர்ந்திருக்கிறார். அவரிடம்தான் பேச வேண்டும் என்கிறது எங்கள் அணி. ஏனென்றால் நம் கட்சிக்காரர் நம்மிடம் ஆதாரம் கேட்பதே இல்லை.

சதி என்றாலே கட்டுக்கதை என்று சிரித்துத் தள்ள நெல்லைச் சீமைக்காரர்களுக்கு உரிமை கிடையாது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டதை அடுத்து நடந்த வழக்குக்குத் திருநெல்வேலி சதி வழக்கு என்றே பெயர். (அது குற்றமா, தியாகமா என்பதற்குத் தனிப் பட்டிமன்றம் வேண்டும்.) ஆனால் யாரோ சொன்னார்கள் என்பதற்காக அந்தச் சதி மெய்யென்று ஏற்கப்படவில்லை, சுட்ட வாஞ்சிநாதனிடம் கிடைத்த கடிதமும், அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாறிய அப்ரூவர்களின் சாட்சியமும் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் கேள்விகளுக்கு முன்னால் வைக்கப்பட்டன. அரசியல் பேச்சில் அந்த எதிர்த்தரப்பு வக்கீல் நம் நண்பரே.

வாக்கு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 2009 மக்களவைத் தேர்தலில் தோற்றவர்கள் அதன்மேல் ஐயம் கிளப்பினார்கள். 2019இல் தோற்றவர்களும் கிளப்பினார்கள். வென்ற கையோடு ஐயப்பட்டவரை நான் பார்த்ததில்லை. தேர்தல் முடிவு வந்த வாரம் முருகன்குறிச்சித் தேநீர்க் கடையில் என் நண்பர், “அண்ணாச்சி, மெஷின்ல ஏதோ வேல பாத்துட்டாவ” என்றார். தம் கட்சியின் வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தவர் அவர். நான் மறுக்காமல் கேட்டேன்: காலையில் முகவர்கள் முன்னிலையில் சோதனைக்காகக் குறைந்தது 50 வாக்குகள் போட்டு, யாருக்கு வாக்கு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபேட் சீட்டுகளோடு ஒப்பிட்டுக் காட்டி, பிறகு அவற்றை அழித்தார்களா? மாலையில், பதிவான மொத்த வாக்குகள் எழுதிய 17சி படிவத்தின் நகலை வாங்கினீர்களா? எண்ணும் நாளில் அந்தத் தொகை பொருந்தியதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றவர், உடனே என்னை மடக்கினார்: தொகை பொருந்தலாம், யாருக்கு விழுந்த வாக்கு யார் கணக்கில் ஏறியது என்பதை 17சி சொல்லுமா?

நியாயமான கேள்வி. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் எடுக்கும் 5 வாக்குச்சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது அதற்காகத்தான். ஐந்து போதுமா என்பதில் எங்களுக்குள் இன்றும் ஒத்துவரவில்லை. ஆயினும் ‘ஏதோ வேலை’ என்று தொடங்கிய பேச்சு, எத்தனை சாவடிகளை எண்ணுவது என்ற, கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய கேள்வியில் வந்து நின்றது.

கேள்வி என் பக்கமும் திரும்பும். கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பின்னால் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக 2012இல் பிரதமரே பேசினார். அதை நான் எடுத்துச் சொன்னபோது, எந்தக் கணக்கில், எவ்வளவு பணம், யார் கைக்கு வந்தது என்று கேட்டவர் இதே நண்பர். என்னோடு கொடி பிடித்தவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

நட்பு முறியும் என்ற அச்சத்தில் பாதியை நான் ஏற்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் ஊரே பார்க்க மடக்கப்பட்டவர், உண்மை தெரிந்தாலும் இறங்கி வரமாட்டார். எனவே எங்கள் அணி கேட்பது நேரில், தனியே, ஒரு வேளைக்கு ஒரே கதையைக் கையில் தாளோடு பேசுவதை. அதுவும் கூடாது என்றால், அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் காரணம் சொல்லட்டும். வணக்கம்.