ஐயா வைத்துவிட்டுப் போன இரட்டைக்குழல்

நேயர்களுக்கு வணக்கம்.

என் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. இதைக் கேட்டதும் எதிரே இருப்பவர் முகம் மாறிவிடும். "உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்டிருக்கிறார்கள், அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தும் கேட்டிருக்கிறார்கள். பந்தியில் விளக்கம் சொல்ல நேரம் கிடைப்பதில்லை, மேசைக்கு முன்னால் விளக்கம் சொல்ல விடுவதில்லை. இன்றைக்கு நிலையத்தார் கொடுத்திருக்கிற இந்தச் சில நிமிடங்களில் சொல்லப் பார்க்கிறேன்.

பன்னிரண்டு போர் (bore) என்ற குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி அது. குழலில் பர்மிங்ஹாம் என்று பொறித்திருக்கும். கட்டை வால்நட் மரம். தோளில் அணைக்கிற இடத்தில் மூன்று தலைமுறையின் வேர்வை பட்டு நிறம் கறுத்திருக்கிறது. அப்பச்சியை, அதாவது அப்பாவை, பெற்றவர், எங்கள் வழக்கில் ஐயா, 1950களில் வாங்கியது. பர்மாவில் இருந்ததையெல்லாம் 1942இல் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர் அவர்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன் தெருவில் முகப்பு, பின் தெருவில் பின்கட்டு வாசல். நடுவே வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. ஆண்கள் இரங்கூனிலும் பினாங்கிலும் கொண்டுவிற்கப் போய்விட, அவ்வளவு பெரிய வீட்டில் இருந்தது இரண்டு பெண்களும் நாலு குழந்தைகளும் ஓர் இரும்புப் பெட்டியும்தான். மாடத்து மேலே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சுதையில் செய்து நிறுத்தியிருக்கிற வீடுகள் இங்கே உண்டு. அழகுக்கு என்று சொல்வார்கள். எனக்கு என்னவோ, ஆள் இல்லாத வீட்டின் பயம்தான் அப்படி மேலே ஏறி நிற்கிறது என்று தோன்றும்.

ஐயா இந்தியாவோடு தங்கிவிட்ட பிறகு உரிமம் வாங்கினார். உரிமப் புத்தகத்தில் அவர் பெயருக்குக் கீழே எங்கள் வீட்டுக் காவல்காரர் பெயரும் இருந்தது. ரீட்டெய்னர் என்று அதற்குச் சொல்வார்கள்; உரிமக்காரர் சார்பில் துப்பாக்கியை எடுத்துப்போக அனுமதி பெற்றவர்.

இதில் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். துப்பாக்கி ஐயாவின் அறையில், பூட்டிய தேக்கு அலமாரியில் இருக்கும். தோட்டாக்கள் இருப்பது இரும்புப் பெட்டியில். அந்தச் சாவி அப்பத்தாவின் இடுப்பில். "ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் வெடிக்கும்" என்பார் அப்பத்தா. கோபத்தில் ஒருவர் கை நீண்டால் இன்னொருவர் சாவி கொடுக்க மாட்டார். அந்தத் துப்பாக்கி வெடித்து நான் கேட்டது என் வாழ்நாளில் இரண்டே முறை. 2016இல் வந்த ஆயுத விதிகள் துப்பாக்கியைப் பத்திரமாக வைக்க வேண்டும், பாதுகாப்புப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்கின்றன. அந்த விதிகளைப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் சாவிக்கொத்துதான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கும் என் வீட்டில் அதே ஏற்பாடுதான். தோட்டா இருக்கிற பெட்டியின் சாவி என் மனைவியிடம்.

சட்டமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் தோட்டா போட்ட துப்பாக்கியைச் சுவரில் சாத்தி வைப்பவனுக்கு உரிமம் கூடாது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிற வழக்கத்துக்கு ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று வைத்ததே, அதை முழு மனதோடு வரவேற்கிறேன். மேலே போன குண்டு யார் தலையிலாவது இறங்கத்தான் செய்யும். ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை அதே திருத்தம் இரண்டாகக் குறைத்தது. அதிலும் எனக்குக் குறை இல்லை. எங்கள் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே 1791 முதல் துப்பாக்கி அரசியல் சட்ட உரிமை. அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் நடப்பதைக் கேட்டுவிட்டு அதை இங்கே கொண்டுவாருங்கள் என்று எந்த நெஞ்சோடு சொல்வேன்? சொல்ல மாட்டேன்.

என் முறையீடு வேறு. துப்பாக்கி வைத்திருப்பவனை ஆளாகப் பாருங்கள், கூட்டமாகப் பார்க்காதீர்கள் என்பதுதான்.

கூட்டமாகப் பார்ப்பது எங்கே தொடங்கியது என்று தேடினால், எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே வந்து நிற்கிறது. மருது பாண்டியர் வெள்ளைக்காரரை எதிர்த்துத் திருச்சியில் அறிக்கை ஒட்டியது 1801 ஜூன் 16இல். அவர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது அக்டோபர் 24இல். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். யார் போரிட்டார், யார் வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தார் என்ற கேள்வியே இல்லை. இந்தச் சீமை மொத்தத்துக்கும் ஒரே உத்தரவு. வளரி வீசிய கைகள் அன்றோடு வெறுங்கை ஆயின.

பிறகு 1878. லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைக்கக் கூடாது, வெள்ளைக்காரருக்கோ விலக்கு. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கிய இந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் கொடுமைகளில் மிகக் கறுத்தது என்று வரலாறு சொல்லும் என 1918இல் துண்டறிக்கையில் எழுதியவர் யார் தெரியுமா? மகாத்மா காந்தி. அகிம்சையை உயிராக வைத்திருந்தவருக்கு அது அவமானமாகப் பட்டிருக்கிறது. 1928 நேரு அறிக்கையிலும் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்திலும், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வது குடிமக்களின் உரிமை என்று எழுதினார்கள். ஆனால் சுதந்திரம் வந்து அரசியல் நிர்ணய சபை கூடியபோது அந்த வரி காணாமல் போயிருந்தது. 1948 டிசம்பரில் சபை உறுப்பினர் எச்.வி. காமத் அதைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. ஆகவே நம் நாட்டில் இது அடிப்படை உரிமை இல்லை. 2023இல் உச்ச நீதிமன்றமும் அமெரிக்காவைப் போல் இங்கே இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதற்கு நான் கட்டுப்பட்டவன்.

சரி, நம் சொந்தச் சட்டமான 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் என்ன சொல்கிறது? அதை வரி வரியாகப் படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத உட்புறம் வழவழப்பான குழல் துப்பாக்கி கேட்கிற இந்தியக் குடிமகனுக்கும், பயிரைக் காக்க குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி கேட்கிறவனுக்கும், தடுக்கக் காரணம் இல்லாவிட்டால் உரிமம் கொடுக்க வேண்டும் என்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று பதினான்காம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பெரிய வீட்டு ஐயாவுக்கு மட்டும் இல்லை, கடலைக் கொல்லையில் பரண் கட்டிப் படுத்திருக்கிறவனுக்கும் அதே சட்டம். ஆள் ஆளாகப் பார்க்கச் சொல்கிற சட்டம்தான் அது. மேசைக்கு வரும்போதுதான் மாறிவிடுகிறது. "துப்பாக்கியா? கலெக்டர் கொடுக்க மாட்டாரு" என்று கீழேயே சொல்லி மனுவைத் திருப்பிவிடுவார்கள். எழுத்தில் மறுத்தால்தானே மேலே போக முடியும்? வாயால் மறுத்தால் எங்கே போவது?

தேர்தல் வந்துவிட்டால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அறிவிப்பு வந்த மறுநாளே காவல் நிலையத்திலிருந்து போன் வரும், துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று. தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல் அப்படி இல்லை. மாவட்ட அளவில் குழு கூடி, ஜாமீனில் வந்தவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு தேர்தல் கலவரங்களில் சம்பந்தப்பட்டவர்கள் என்று ஒவ்வொருவராகப் பரிசீலித்து முடிவெடுக்கச் சொல்கிறது. நடப்பதோ மொத்த வசூல்.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16இல் அறிவிப்பு. நாம் ஏப்ரல் 19இல் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். வாக்கு எண்ணியது ஜூன் 4. விரலில் மை அழிந்த பிறகும் ஒன்றரை மாதம் எங்கள் துப்பாக்கிகள் நிலையத்தில்தான் கிடந்தன. எங்கள் தெருவில் இருபத்தொரு வீடு, அதில் விளக்கு எரிவது ஆறு வீட்டில். கோடை விடுமுறையில் மிச்சப் பேரும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விடுவார்கள். காவலுக்கு என்று அரசாங்கமே உரிமம் கொடுத்த துப்பாக்கி, காவல் தேவைப்படுகிற மாதங்களில் வீட்டில் இல்லை.

முன்பு ஒரு தேர்தலில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், அங்கே இருந்தவர்கள் எல்லாம் மாறிப் போய்விட்டார்கள். ஒப்படைக்கும்போது எண்ணெய்த் துணி சுற்றி, உறையில் போட்டுக் கொடுத்தேன். ரசீதும் வாங்கிக்கொண்டேன். திரும்ப வாங்கியபோது உறை இல்லை. விசைக் காப்பில் கட்டுக்கம்பி சுற்றி அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து துப்பாக்கியை மடித்து, குழலை முற்றத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நல்ல குழல் உள்ளே கண்ணாடிபோல் இருக்கும், வெளிச்சம் வளையம் வளையமாகப் போகும். இடது குழலில் பாதி தூரத்தில் செம்பழுப்பாகத் துரு. கம்பியில் வெள்ளைத் துணி சுற்றி இழுத்தேன். நாலாவது துணியும் செங்கல் நிறத்தில்தான் வந்தது. துரு போயிற்று, அது தின்ற குழி போகவில்லை. ஐயா காலத்திலிருந்து அறுபது மழைக்காலம் காப்பாற்றி வந்த குழல். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

உரிமம் பெற்ற வணிகரிடம் ஒப்படைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு நான் மதுரைக்கு ஓட வேண்டும், மாத வாடகையும் கட்ட வேண்டும். உரிமம் வாங்கி, எண் பதிந்து, ஆண்டு தவறாமல் காட்டிவிட்டு வருகிறவனுக்குத்தான் இந்த அலைச்சல் எல்லாம். கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவனுக்குப் போனும் போகாது.

பயிர் விஷயமும் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் கடலை போட்டவர்கள் காட்டுப்பன்றியால் படும் பாடு கொஞ்சமில்லை. இராத்திரி ஒரு கூட்டம் இறங்கினால் காலையில் கொல்லை உழுது போட்டதுபோல் கிடக்கும். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு பன்றியைச் சுட அனுமதிக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் வந்த உத்தரவுப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம், ஆனால் வனத்துறையினர்தான் சுட வேண்டும். பன்றி வருவது இராத்திரி இரண்டு மணிக்கு. வனத்துறைக்காரர் எத்தனை கொல்லையில் காத்துக் கிடப்பார்? கேரளத்து வழியைக் கட்டுப்பாட்டோடு இங்கேயும் சோதித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். மயிலும் நாசம் பண்ணுகிறது, அதை நான் தொட மாட்டேன், தொடச் சொல்லவும் மாட்டேன். வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருக்கிற கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் இதே மாவட்டம்தான். சத்தம் என்ன செய்யும் என்பது எங்களுக்கும் தெரியும்.

நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் குடகு இருக்கிறது. அங்கே குடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் உரிமம் எடுப்பதிலிருந்தே வெள்ளைக்காரன் காலத்திலிருந்து விலக்கு உண்டு. மத்திய அரசு 2019இல் பரிசீலித்து, அந்தத் துப்பாக்கிகள் குற்றத்துக்குப் பயன்பட்டதாகப் புகார் இல்லை என்று 2029 வரை நீட்டித்தது. எங்களுக்கு விலக்கு வேண்டாம். உரிமத்தோடு, சோதனையோடு, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறோம்.

எனக்கு எழுபது வயது ஆகிவிட்டது. உரிமக்காரர் எழுபதை எட்டினால், அல்லது ஒரு துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தால், உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம் என்று 2016 விதிகள் சொல்கின்றன. எனக்கு ஒரே மகள். ஊரோடு இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி, மருத்துவச் சான்றும் வைத்து மனுப் போட்டாள். விசாரணைக்கு வந்தவர் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, அவளை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்கய்யா துப்பாக்கி?"

அவள்தான் பதில் சொன்னாள். "இந்த வீட்டுத் தோட்டாச் சாவி எங்க அப்பத்தா காலத்துல இருந்து பொம்பளைங்ககிட்டதான் சார் இருக்கு. துப்பாக்கியையும் நானே பாத்துக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். காவல்துறை அறிக்கைக்கு முப்பது நாள், அதன் பிறகு முடிவெடுக்க அறுபது நாள் என்று விதி. மனுப் போட்டு இன்றைக்குப் பதினோரு மாதம் ஆகிறது. கொடுக்கிறோம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் எழுதித் தரவில்லை. வரும் திங்கட்கிழமை நானும் மகளும் மறுபடியும் சிவகங்கைக்குப் போகிறோம்.

வணக்கம்.