ஓய்வு கிடைக்காத காதும் கட்டைவிரலும்

நேயர்களுக்கு வணக்கம். நான் பொது மருத்துவம் பார்க்கிறவன். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கமிருந்து கட்டைவிரல் வலியோடு வருகிறவர்களிடம் என்ன வேலை என்று கேட்பேன். அப்புறம், போன் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்றும் கேட்பேன். நண்டுக் கம்பெனியில் பகல் முழுக்க ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிற அக்காவுக்கு, ராத்திரி ரீல்ஸ் தள்ளவும் அதே விரல்தான். வேலையில் களைத்த உறுப்புக்கு ஓய்வு நேரத்திலும் வேலை கொடுக்கிறோம். என் கவலை அதுதான்.

கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்தால் நாண் உரசும், வலிக்கும். சுவிட்சர்லாந்து மருத்துவர் டி குவெர்வேன் 1895-லேயே இதை எழுதிவைத்தார். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சுரீரென்று வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை போனை மேசையில் வைத்து, ஆள்காட்டி விரலால் தள்ளுங்கள்.

காதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். படகில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து, இயர்போனில் பாட்டுக் கேட்கும் தம்பிகள் நிறையப் பேர். இன்ஜின் சத்தத்தைத் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டுமானால் ஒலியைக் கூட்டத்தானே வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 80 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். எண்ணில் பத்துதான் கூடியது, ஆனால் காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் பத்து மடங்கு. கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இன்ஜின் சத்தமே காதுக்கு அதிகம். அதற்கு மேல் பாட்டு வேறு!

உள்காதில் ஒலியை வாங்கும் மயிர்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது ‘ச’ போன்ற மெல்லிய, கூர்மையான ஓசைகள். ‘பேசுறது கேக்குது, ஆனா என்னன்னு புரியல’ என்பார்கள். காதில் ங்ஙொய் என்று இரைச்சல் நிற்காது. கடலில் இது வெறும் அசௌகரியம் அல்ல. இருட்டில் இன்னொரு படகின் ஹாரன், வயர்லெஸ்ஸில் வருகிற எச்சரிக்கை, படகின் முன்பக்கமான அணியத்திலிருந்து கூப்பிடும் குரல், எல்லாம் காது வழியாகத்தான் வர வேண்டும். இன்ஜின் ஓடும்போது இயர்போன் வேண்டாம். இன்ஜின் பார்ப்பவர்கள் நுரை அடைப்பானைக் காதில் செருகிக்கொள்ளலாம், பஞ்சு போதாது. பாட்டைக் கரைக்கு வந்து, பாதிக்குச் சற்று மேலான ஒலியில் கேளுங்கள்.

பிள்ளைகளின் கண்ணுக்கும் ஒரு வார்த்தை. பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. நமக்குக் கடற்கரை வாசலிலேயே இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், தண்ணீர் புகுந்திருக்கும், சளி அடைத்திருக்கும் என்று எண்ணெய் விட்டுக் காத்திருக்காதீர்கள். நரம்புக் கோளாறாக இருந்தால் சில நாட்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும். தள்ளத் தள்ளப் பலன் குறையும். கடலுக்குப் போகிற நாளாக இருந்தாலும் சரி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.